பேராசிரியரின் மீசை

அறுவை மருத்துவப் பேராசிரியர் லூடெக்கேவுக்கு இரண்டு விஷயங்களில் பெருமை அதிகம். ஒன்று, அவருடைய மீசை. இன்னொன்று, அவர் போட்ட சட்டம்: கத்தியைத் தொடும் முன் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் கை கழுவ வேண்டும்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன் எங்கள் ஜெர்மனியில் மருத்துவர்கள் ரத்தக்கறைக் கோட்டோடுதான் அறுவை செய்வார்கள். கறை கூடக்கூட மதிப்பும் கூடும். "லூடெக்கே டாக்டரா, சலவைக்காரரா?" என்று கேலி செய்தார்கள். அவர் அசரவில்லை. பத்து வருடம் கழுவிக்கொண்டே இருந்தார். அவரிடம் வந்த நோயாளிகள் காய்ச்சல் இல்லாமல் வீடு திரும்பினார்கள். கேலி செய்தவர்களே அப்புறம் அவரிடம் படிக்க வந்தார்கள்.

பத்து வயது மெக்தில்டுக்கு முழங்கால் எலும்பில் சீழ் பிடித்திருந்தது. மற்ற மருத்துவர்கள் காலையே எடுக்கச் சொன்னார்கள்.

"காலைக் காப்பாத்திடலாம். புண்ணுல அழுக்கு மட்டும் படக்கூடாது" என்றார் லூடெக்கே. மெக்தில்ட் அதை மறக்கவே இல்லை.

அறுவை நாளன்று அவளை மேஜையில் படுக்கவைத்தார்கள். சுற்றிலும் படிப்படியான பெஞ்சுகளில், பார்த்துப் படிக்க வந்த அறுபது மாணவர்கள். பேராசிரியர் கேட்டால்தான் யாரும் வாய் திறக்கலாம்.

லூடெக்கே ஐந்து நிமிடம் கை கழுவினார். "பாருங்க! சுத்தமான கைன்னா இதுதான்!" என்றார். அதே கையால் மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். பிறகு கத்தியை எடுக்கப் போனார்.

அறுபது பேரும் பார்த்தார்கள். உடனே கூரையைப் பார்த்தார்கள். உதவி மருத்துவர் ரூப்ரெக்ட் தன் காலணியைப் பார்த்தார்.

மயக்க மருந்துத் துணி மூக்கருகே வந்தது. மெக்தில்டுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் துணியைத் தள்ளிவிட்டாள்.

"ஐயா, மீசையைத் தொட்டுட்டீங்க!"

"உஷ்! வாயை மூடு பாப்பா!" என்று பதறினார் ரூப்ரெக்ட்.

"எப்படி மூடுறது? அது என் காலு!"

பேராசிரியரின் முகம் சிவந்துபோனது. "மீசையையா? நானா? ரூப்ரெக்ட், நீ பார்த்தியா?"

"பா... பார்த்தேன் ஐயா."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலியே ஐயா!"

லூடெக்கே மறுபடி கழுவினார். இந்த முறை பத்து நிமிடம். "இப்ப சரியா?" என்று மெக்தில்டிடம் கேட்டார்.

"மூக்கு அரிச்சா?"

"சொறிய மாட்டேன். சத்தியம்!"

அதன் பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.

காய்ச்சல் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, அதே அறைக்குள் மெக்தில்ட் தன் சொந்தக் கால்களால் நடந்து வந்தாள். பாராட்டு என்றால் எங்கள் மாணவர்கள் மேஜையைத்தான் தட்டுவார்கள். அன்று அறை அதிரத் தட்டினார்கள். பேராசிரியர் கேட்கும்வரை ஒருவரும் காத்திருக்கவில்லை.