நீளப் பெயர்களின் வரிசை

சனிக்கிழமை ரேடியோவில் வாழ்த்து நேரம் வந்தால் அகெச் அசைய மாட்டாள். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஜூபா நகரத்துப் பக்கம் போயிருக்கிறார். அம்மாவின் போன் ஏரியில் விழுந்ததிலிருந்து ரேடியோதான் ஒரே வழி.

"வாரா வாரம் வாழ்த்து அனுப்புறேன், கேளு" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா போனார். மழைக்காலமே முடிந்துவிட்டது. ஒன்றும் வரவில்லை.

"அப்பா நம்மள மறந்துட்டாரு" என்றான் தம்பி ஓவினோ.

"போடா! நீ வேணா மறந்திருப்ப."

ரேடியோ நிலையத்துக்கு வரும் வாழ்த்துச் செய்திகளிலிருந்து பெயர்களைப் பிரிக்கும் கணினி நிரலை எழுதியதே அகெச்தான். அதில் இரண்டு செயல்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. முதலாவது, காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் செய்தியை வெட்டி, துண்டுகளை வரிசையாகக் கொடுக்கும். இரண்டாவது, அந்த வரிசையில் நீளமாக இருக்கும் துண்டுகளைத் தள்ளிவிடும். பெயருக்குப் பதில் சிலர் கதையே எழுதியதால், அறிவிப்பாளர் அடோயோ அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அதற்காகச் செய்த ஏற்பாடு.

அன்று கரையில் அம்மா காய்ந்த ஒமேனா மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். முழு மீன் ஒரு கூடையில். உடைந்தது இன்னொன்றில்.

"உடைஞ்சது எதுக்கும்மா?"

"கோழிக்கு ஆகும்டி. கரை வரைக்கும் வந்தத தூக்கியா போடுவாங்க?"

அகெச் சட்டென்று எழுந்தாள். ரேடியோ நிலையத்துக்கு ஓடினாள்.

இரண்டாவது செயல்கூற்றை மாற்றினாள். இனி அது எதையும் தள்ளாது. இரண்டு வரிசைகள் தரும்: சின்னப் பெயர்கள் ஒன்றில், நீளமானவை இன்னொன்றில். பழைய செய்திகளை மறுபடி ஓடவிட்டாள். இரண்டாம் வரிசை திரையைத் தாண்டி இறங்கிக்கொண்டே போனது.

நடுவில் இருந்தது, அதற்குக் கீழே வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வந்தது: 'சிரித்தால் ஏரி மீனெல்லாம் எட்டிப் பார்க்கும் என் மகள் அகெச்.'

எங்கள் ஊரில் பிரியமானவர்களை வெறும் பெயரால் யார் வாழ்த்துவார்கள்? புகழ்ப்பெயர் சேர்த்தால்தானே வாழ்த்து! அதைப் போய் நீளம் என்று தள்ளியிருக்கிறாளே!

"உன்னோடத முதல்ல படிச்சிரட்டுமா?" என்றார் அடோயோ அக்கா.

அகெச் திரையைப் பார்த்தாள். அவள் பெயருக்கு மேலே எத்தனை பேர்! 'வலையை வீட்டில் வைத்துவிட்டு மீன்பிடிக்கப் போகும் என் மாமா' கூட இருந்தார்.

"வேணாம்க்கா. இவங்களும் காத்துட்டுத்தானே இருப்பாங்க. வரிசையாவே படிங்க."

"எனக்கு மூச்சு முட்டினா?"

"தண்ணி வச்சிட்டுப் போறேன்க்கா."

சனிக்கிழமை அக்கா படித்தார், படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். நடுவே தண்ணீர் குடிக்கும் சத்தமும் கேட்டது.

"இன்னும் வரலையே" என்றான் ஓவினோ.

"வரும்டா. வரிசையில இருக்கோம்ல."

"அடுத்து, சிரித்தால் ஏரி மீனெல்லாம் எட்டிப் பார்க்கும் என் மகள்..." என்றது ரேடியோ. அம்மா கூடையைக் கீழே வைத்தார்.

அந்த மகள் சிரிக்கவில்லை. ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டாள்.