குதிகால் தரையில!

வாலு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தச் சிறுமிதான் அதை முதலில் கவனித்தாள். அம்மா மாடிப்படியில் நேராக இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் இறங்கினாள்.

"முட்டி வலிக்குதாம்மா?"

"உஷ்! அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அம்மா பேருந்து ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமைகளில் பணிமனைக்குப் பின்னால் நண்பர்களோடு கூடைப்பந்து ஆடுவாள். வாரம் முழுக்க அந்த ஆட்டத்தை நினைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுவாள்.

வாலு நச்சரித்து நச்சரித்து அம்மாவை பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போனாள்.

அவர் அம்மாவின் முழங்கால் சில்லுக்குக் கீழே மெல்ல அழுத்தினார். "ஆ!" என்றாள் அம்மா.

"இப்ப சுவர் முன்னாடி நில்லுங்க. குதிகாலைத் தூக்காம முட்டியால சுவரைத் தொடுங்க."

அம்மாவால் முடியவில்லை. பக்கத்தில் நின்ற வாலு சுலபமாகத் தொட்டுவிட்டாள்.

"எப்பவாவது கால் பிசகியிருக்கா?"

"போன வருஷம். தானா சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

"கணுக்கால் இன்னும் இறுக்கமா இருக்கு. அதனால நீங்க குதிக்கிறப்ப முட்டித் தசைநாண் கூடுதலா பாரம் தாங்குது. கொஞ்ச நாள் குதிக்காதீங்க. பயிற்சி சொல்லித் தரேன். மெதுவா சரியாகும்."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "நான் ஆடலன்னா என் இடத்துக்கு வேற ஆள் வந்துடும். அப்புறம் என்னை யாரு கூப்பிடுவாங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா விளையாட்டுக் காலணியை மாட்டினாள்.

"இன்னிக்கு மட்டும் ஆடிட்டு, அடுத்த வாரம் சொல்லிடறேன்."

"இன்னிக்கே சொல்லிடும்மா. நீ சொல்றப்ப நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

நின்றாள். அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அம்மா நண்பர்களிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

உடனே அணித் தலைவியான மெக்கானிக் அத்தை கால்சட்டையைச் சுருட்டினாள். உள்ளே முழங்காலில் வலிக்குப் போடும் இறுக்கப் பட்டை!

"எனக்கும்தான்க்கா! சொன்னா கேப்டன் பதவி போயிடும்னு வாயைத் திறக்கல."

"எனக்கு ரெண்டு முட்டியும்," என்றார் கண்டக்டர் மாமா, பாவமாக.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும்தான்.

"உங்க இடத்துக்கு வேற யாரும் வர மாட்டாங்கக்கா. சரியாகி வாங்க," என்றாள் மெக்கானிக் அத்தை.

மற்ற இருவரும் அந்த வாரமே பிசியோதெரபிஸ்டிடம் போய்வந்தார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் பணிமனைச் சுவர் முன்னால் பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். மேற்பார்வை வாலு.

"மாமா! உங்க குதிகால் மேல ஏறுது!"

"மன்னிச்சிடு மேடம். டிக்கெட் வாங்காம ஏறிடுச்சு."

அம்மா நின்ற இடத்திலிருந்தே பந்து எறிந்தாள். மற்றவர்கள் ஆடும்போது புள்ளிகளைக் குறித்தாள். சில நாள் வலி குறைந்தது. சில நாள் திரும்ப வந்து அவளை அழவைத்தது. அப்போதெல்லாம் வாலு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

மாதங்கள் போயின. ஒருநாள் பிசியோதெரபிஸ்ட், "இனி குதிக்கலாம்" என்றார்.

அந்த ஞாயிறு அம்மா பந்தோடு ஓடினாள், எம்பினாள், எறிந்தாள், இரண்டு கால்களிலும் மெத்தென்று இறங்கினாள்.

"வலிக்குதா?" எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"இல்லவே இல்ல! அது கிடக்கட்டும், பந்து உள்ள போச்சா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்ததில், பந்தை யாருமே பார்க்கவில்லை.