புழு இல்லாத கண்ணாடி

வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள என் தம்பி வீட்டை விட்டுப் போயிடணும்னு என் வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு, லேப் அம்மா. வேலை போய் எங்ககிட்ட வந்திருக்கான். எங்க போவான்?"

லேப் அம்மா தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும், எது கெட்டுப்போனாலும் அவரிடம்தான் வருவார்கள். அருகே அவருடைய மாப்பிள்ளை, கையில் அளவு நாடாவோடு. இந்த உதவியாளர் வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

"தம்பி என்ன செஞ்சான்?"

"மீனையெல்லாம் கொன்னுட்டானாம்."

அவள் கணவர் பல் டாக்டர். கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளமும் மீனும் வளர்க்கிறார். சில வாரங்களாக அதில் செந்நிறத் தட்டைப்புழு பெருகி, கண்ணாடி முழுக்கத் துருப்பிடித்த மாதிரி ஒட்டிக்கிடந்தது.

"குழாயால உறிஞ்சித்தான் எடுக்கணும், பொறுமை வேணும்னு தினமும் எங்களுக்கு வகுப்பு எடுப்பாரு. நாளைக்கு மீன் வளர்க்கிறவங்க சங்கத்து ஆளுங்க தொட்டியப் பார்க்க வர்றாங்க. நேத்து கிளினிக்லேருந்து வந்து கோட்டைக்கூடக் கழட்டாம அதையே சுத்திக்கிட்டிருந்தாரு. காலையில பார்த்தா எல்லா மீனும் மிதக்குது. போன வாரம் தம்பி கடுப்புல, 'எனக்குக் கூடத்துல பாய், மீனுக்கு மாளிகையா? ஒரு நாள் வறுத்துத் தின்னுடுறேன்'னு சொல்லித் தொலைச்சான். அது போதாதா?"

மாப்பிள்ளை அதற்குள் செருப்பு மாட்டியிருந்தார்.

டாக்டர் வீட்டு வாசலில் ஒரு துணிப்பை. அதன்மேலேயே தம்பி உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஜன்னலுக்கும் தொட்டிக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். தொட்டியின் மோட்டார் விடாமல் ரீங்கரித்தது.

"காலையிலேருந்து நான் தொட்டியில கையே வைக்கல. எல்லாம் அப்படியே இருக்கு. பார்த்துக்குங்க," என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை சுவர் ஓரம் குனிந்தார். "அத்தை! இந்த சுவிட்ச் அணைஞ்சிருக்கு!"

"அது ஸ்கிம்மர். அழுக்கை நுரையாக்கி எடுக்கிற மெஷின்," என்றார் டாக்டர். "நான் அதை அணைக்கிறதே இல்ல."

"முடிஞ்சது, அத்தை. நுரை நின்னுச்சு, காத்து நின்னுச்சு, மீன் மூச்சு முட்டிச் செத்துச்சு. சுவிட்ச் பக்கத்துல பாய் போட்டுப் படுக்கிறது யாரு?" மாப்பிள்ளை தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"கொஞ்சம் உட்காருங்க, மாப்பிள்ளை." லேப் அம்மா கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோனார். தண்ணீர் கலங்கியிருந்தாலும் மேற்பரப்பு நன்றாக அலையடித்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"தம்பி, கரி எங்க இருக்கும்?"

"கரியா? நம்ம வீட்டுல கேஸ் அடுப்புதாம்மா."

டாக்டரின் நடை நின்றது.

"தொட்டிக்குக் கீழ இருக்கிற அலமாரி சாவி?"

"என் சாவிக்கொத்துலதான் இருக்கு. யாரும் நோண்டக் கூடாதுன்னு பூட்டியே வெச்சிருப்பேன்." சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

அலமாரி திறந்தது. உறிஞ்சும் குழாய் சுருட்டி வைத்தபடி காய்ந்திருந்தது. குழாய்க்குள் உப்புப் பூத்திருந்தது. பக்கத்தில் வடிகட்டியின் தண்ணீருக்குள் ஒரு வலைப்பை, நிறையப் புதுக் கரி. லேப் அம்மா பையைத் தொட்டார். விரலில் கறுப்பு ஒட்டியது. நாற்காலியில் தொங்கிய டாக்டரின் வெள்ளைக் கோட்டை எடுத்து அதன் கைமுனையைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் அதே கறுப்பு.

"மூச்சு முட்டி மீன் செத்ததுன்னு வெச்சுக்குவோம், மாப்பிள்ளை. கண்ணாடி நிறைய இருந்த புழு எங்க போச்சு? மீனைக் கொல்ல நினைக்கிறவன் மெனக்கெட்டுப் புழுவைக் கொல்லுவானா? இதை வேணும்னு யாரும் செய்யல. தொட்டிய சுத்தமாக்க ஆசைப்பட்டவர் செஞ்சது."

"புழு மருந்தா? அது மீனையும் கொல்லுமா, அத்தை?"

"அளவா விட்டா மருந்து கொல்லாது. ஆனா இந்தப் புழு உடம்புல விஷம் இருக்கு. மொத்தமாச் செத்தா, மொத்த விஷமும் தண்ணிக்கு வந்துடும். அதனால முதல்ல முடிஞ்ச அளவுக்கு உறிஞ்சி எடுத்துட்டு, மிச்சத்துக்குத்தான் மருந்து விடணும். குழாயைப் பாருங்க, நனையவே இல்ல. நுரையோட மருந்தும் போயிடக் கூடாதுன்னு ஸ்கிம்மரை அணைச்சிருக்காங்க. மீன் துடிச்சதும் விஷத்தை இழுக்கக் கரி போட்டிருக்காங்க. சுவிட்ச் வெளிய இருக்கு, யார் வேணும்னாலும் அணைக்கலாம். கரி பூட்டுக்குள்ள இருக்கு."

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்க..." டாக்டர் தொண்டையைச் செருமினார். "பொறுமை பொறுமைன்னு உங்களுக்கெல்லாம் சொல்லிட்டு, நானே அவசரப்பட்டேன்னு எப்படிச் சொல்றது? மீன் எப்படிச் செத்துச்சுன்னு நீ கேட்டதும் வாய்ல வந்துடுச்சு."

"என் தம்பி பேரு வாய்ல வந்துடுச்சா?" என்றாள் மனைவி.

தம்பி பைமேலிருந்து எழுந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான்தான் செஞ்சேன்னு சங்கத்துக்காரங்ககிட்ட நானே சொல்லியிருப்பேன், மாமா. எனக்கு என்ன போச்சு? கேக்காமலே என் தலையில கட்டிட்டீங்களே."

மாப்பிள்ளை அளவு நாடாவைச் சுருட்டினார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, தொட்டியின் மூலையைக் காட்டினார்.

"அத்தை, அங்க ஒண்ணு மிச்சமிருக்கு."

பவளத்தின் அடியில் செம்புள்ளி ஒன்று மெல்ல ஊர்ந்தது. டாக்டருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது. சட்டென்று குனிந்து உறிஞ்சும் குழாயை எடுத்தார்.

மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "முதல்ல அவன்கிட்ட பேசுங்க. புழு எங்கயும் ஓடிடாது."