நாலு மணிக்கு லைன் கிடைக்கவில்லை

மாலை 6.10. டைப் மாஸ்டர் தன் பழைய கம்ப்யூட்டரில் மகளின் பெயரை மறுபடியும் தட்டினார். அப்படி ஒரு ஆள் இல்லை என்று பச்சை எழுத்தில் பதில் வந்தது.

"அவ எழுதினதெல்லாம் போச்சுக்கா. ஒண்ணுகூட மிச்சமில்ல," என்று விம்மினார்.

மகள் போன வருஷம் ஒரு மழை நாளில் ஸ்கூட்டரில் கடைக்குப் போனவள், திரும்பவில்லை. அக்கா என்பவர் மாஸ்டரின் உடன்பிறந்தவர், ரிட்டயரான இன்ஸ்பெக்டர். யூனிஃபார்மைக் கழற்றியவர், குரலை இன்னும் கழற்றவில்லை.

இன்டர்நெட்டுக்கு முந்தைய சமாச்சாரம் இது. மாஸ்டர் வீட்டு போன் லைனில் ஒரு மோடம், அதன் பின்னால் கம்ப்யூட்டர். வெளியாட்கள் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அந்த நம்பருக்கு டயல் செய்து உள்ளே வந்து, அதிலிருக்கும் தகவல் பலகையில் கடிதம் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஊரே கைப்பேசிக்குள் குடியேறிய பிறகும் நாலைந்து பிடிவாதக்காரர்கள் இதை விடவில்லை. மகளும் ஹாஸ்டலிலிருந்து அப்படித்தான் அப்பாவுக்கு எழுதினாள். வேறு பிரதி கிடையாது.

மாஸ்டரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நாலு மணிக்கு இதே லைன்ல உன்கிட்ட அரை மணி நேரம் பேசினேனேம்மா," என்றார் அக்கா. " அப்ப இவன் எங்க?"

"பல் டாக்டர்கிட்ட போயிருந்தார், அண்ணி."

"நீ டக்டக்னு காய் வெட்டிக்கிட்டே பேசின."

"ஆமா அண்ணி."

டம்ளரை வைக்க அக்கா சமையலறைக்குப் போனார். காய்கறிப் பை கட்டு அவிழாமல் கிடந்தது. வெட்டும் பலகை காய்ந்திருந்தது.

6.40. கடியாரக்காரர் வந்தார். கடியாரம் ரிப்பேர் செய்பவர், மாஸ்டரின் பால்ய சிநேகிதர். வெளியிலிருந்து உள்ளே வந்து எதையும் அழிக்க முடிகிற பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும்தான் உண்டு. தினம் நாலு மணிக்கு டயல் செய்வார்.

"துரோகி!" மாஸ்டர் எழுந்தே விட்டார்.

"டேய், நான் உள்ளயே வரலைடா. நாலு மணியிலேருந்து எங்கேஜ்டு டோன். சலிச்சுப்போய் விட்டுட்டேன்."

"ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்றார் அக்கா.

"செத்தவளுக்கு தினமும் லெட்டர் எழுதறான் மேடம். நிறுத்துன்னேன். அவ படிக்கறாங்கறான்!"

"படிச்ச அடையாளம் விழுந்திருந்துச்சுக்கா! என் லெட்டர் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல! என் கண்ணால பார்த்தேன்!"

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எத்தனை மணிக்கு அழிச்சிருக்கு?"

"நாலு பன்னிரண்டு. அந்த மெஷின்ல நேரத்தைச் சரி பண்றவனே இவன்தான்," என்றார் மாஸ்டர்.

"திரும்ப எடுக்க முடியாதா?"

கடியாரக்காரர் தலையை ஆட்டினார். "ஒரு பேரை எடுத்தா, அந்த இடத்துல மத்ததை நகர்த்தி எழுதிடும் மேடம். வழியே இல்ல."

7.05. அக்கா தம்பியைப் பிடித்து உட்கார வைத்தார். வாழ்நாளில் எத்தனையோ குற்றவாளிகளைச் சொன்ன வாய். இன்று திறக்க மறுத்தது.

"நாலு பன்னிரண்டுக்கு வெளியிலேருந்து யாரும் உள்ள வந்திருக்க முடியாதுடா. லைன்ல நான் இருந்தேன். மோடம் லைன்ல இருந்திருந்தா அந்தக் கீச்சு எனக்குக் காதைக் கிழிச்சிருக்கும். இவர் எங்கேஜ்டுன்னது நிஜம்தான், அந்த எங்கேஜ்டு நான்தான். அப்ப அழிச்சது இந்த நாற்காலியில உட்கார்ந்த ஆள். இங்க உட்கார்ந்தா பாஸ்வேர்டே கேட்காதே."

கடியாரக்காரர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"போன்ல நான் கேட்டது காய் வெட்டற சத்தம் இல்ல. கீபோர்டு." அக்கா தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா?"

"படிச்சது நான்தான் அண்ணி. இவர் வெளிய போனப்பல்லாம் படிச்சேன்." அவள் குரல் நடுங்கவில்லை. "'உங்கம்மா அன்னிக்கு உன்னை அனுப்பாம இருந்திருந்தா'ன்னு ஒவ்வொரு லெட்டர்லயும் எழுதியிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்து ஒருநாள் கேட்டதில்ல. குழம்பு நல்லாருக்குன்னுவார், போய் அவளுக்கு இதை எழுதுவார்."

"அதுக்கு என் பொண்ணு எழுதினதை..." மாஸ்டர் எழுந்தார்.

"நம்ம பொண்ணு. அவ பேரை எடுத்தா அவளுக்கு நீங்க எழுதினது மட்டும் போகும்னு நினைச்சேன். அவ எழுதினதும் அதே பேர்லதான் இருக்குன்னு எனக்கு யார் சொன்னா? நாளைக்கு அவ வருஷ நினைவு நாள். அவளுக்கு என்ன பண்ணலாம்னு அண்ணி கேட்டுட்டிருக்காங்க, நான் அவளையே எடுத்துட்டேன்."

கடியாரக்காரர் மாஸ்டரின் தோளைத் தொட்டார். மாஸ்டர் அந்தக் கையை விலக்கினார். துரோகி என்ற சொல்லை யாரும் திரும்ப வாங்கவில்லை. கடியாரக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கண்டுபிடித்து என்ன கிழித்தோம் என்று அக்காவுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது. அந்தப் பிடிவாதக்காரர்களில் யாரோ டயல் செய்தார்கள். மோடம் கீச்சிட்டு எடுத்தது, வந்தவர் ஏதோ தேடிவிட்டுப் போனார்.

"இப்பவாவது கேளுங்க," என்றாள் மனைவி.

மாஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு திரும்பி, முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த மழையில அவளை எதுக்கு அனுப்பின?"

"உங்க காபிக்குச் சர்க்கரை இல்ல," என்றாள்.