சுருதி சேர்ந்த கிதார்

லுசில் வைத்துவிட்டுப் போன கிதார் சுருதி சேர்ந்திருந்தது.

வேறு யாருக்காவது என்றால் நல்ல சேதிதான். நியூயார்க்கின் கிழக்கு ஓரத்தில், பாதி எரிந்த கட்டடத்து நிலவறையில் வாசித்த அவளுக்கும் கோர்டிக்கும் அது அவமானம். சுருதி கூடாது, தாளம் கூடாது, வாசித்ததையே திரும்ப வாசிக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த சட்டம். லுசில் கிதாரை அறைவாள், அலறுவாள். அப்பாவுக்குப் பயந்து வாய் திறக்காமலே வளர்ந்தவள், பாவம். அந்த அலறல் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

"கோர்டி, உன் வேலைதானே?"

டிரம் வாசிக்கும் கோர்டி சிரித்தான். "சுருதி சேர்க்கத் தெரிஞ்சா உன்கூட ஏன்டி கெடந்து சாகறேன்? கல்யாண வீட்டுல வாசிச்சு வயிறாரத் தின்னிருப்பேனே!"

லுசில் கிதாரின் சுருதித் திருகாணிகள் எல்லாவற்றையும் தளர்த்தினாள். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, இருவருமாகப் போய்க் காப்பி வாங்கி வந்தார்கள்.

கிதார் மறுபடியும் சுருதி சேர்ந்திருந்தது.

ஈரச் சுண்ணாம்பும் எலிப் புழுக்கையும் நாறும் அந்த அறையில், குளிர்காலம் முழுக்கக் கண்டபடி இருமிக்கொண்டிருந்த நீராவிக் குழாய் இப்போது ஒரே சீராகத் தட்டியது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும் அந்தத் தட்டுக்குத் தவறாமல் வந்து விழுந்தது.

கோர்டி குச்சிகளை எடுத்தான். அவன் கையும் அதே தாளத்தில் இறங்கியது.

"நக்கல் பண்ணாதடா. நிறுத்து."

"நான் அடிக்கல, லூ." அவன் முகம் வெளுத்திருந்தது. "கை நிக்க மாட்டேங்குது. கதவத் தெற. ஓடு!"

கடைசிச் சொல் பேச்சாக வரவில்லை. பாட்டாக வந்தது. இனிமையாக. அவன் கண்களில் நீர் கொட்டியது. வாய் பாடிக்கொண்டே இருந்தது.

அவள் கதவுக்குத் திரும்பினாள்.

பின்கழுத்தில் ஏதோ பட்டது. சில்லென்று. விரல்கள்.

காதுக்குக் கீழே தடவின. எதையோ தேடின. கிடைத்தது போல நின்றன.

மெல்லத் திருகின.

உயிரே போகிறாற்போல் அலறினாள் லுசில்.

அவள் வாயிலிருந்து தேன் போல ஒரு சுரம் வந்தது. பிசிறில்லாமல்.

மூலையில் யாரும் தொடாத கிதார் அதே சுரத்தில் கூடவே முனகியது.

போதவில்லை போலும். விரல்கள் இன்னும் கொஞ்சம் திருகின.