ஆசைத்தட்டில் ஐந்து கைகள்

ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவருக்குக் கடையின் வார்ப்பி இயந்திரத்திலிருந்து வந்து விழுந்த மடிக்கணினியில் திரையே இல்லை.

"திரை எங்கம்மா?" என்று கேட்டார்.

"உங்க கை கேக்கலையே சார்," என்றாள் கடைப்பெண் ஜெபசெல்வி. "சத்தமா அடிக்கிற விசைப்பலகை மட்டுந்தான் கேட்டுச்சு."

சுயசரிதை எழுதப்போவதாகத்தான் அவர் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். இருந்தாலும் நாலு விசைகளைத் தட்டிப் பார்த்தார். அடுத்த தெரு வரைக்கும் கேட்கும் போலிருந்தது. காய் நறுக்க மனைவி கூப்பிடும் நேரத்தில் இந்தச் சத்தம் என்னவெல்லாம் செய்யும் என்று யோசித்திருக்க வேண்டும். முகம் மலர்ந்துவிட்டது. கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

வரிசையில் அடுத்து நின்ற செண்பகவல்லிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆசைத்தட்டு வந்த பிறகு கோவில்பட்டியில் எல்லோரும் இப்படித்தான் மடிக்கணினி வாங்குகிறார்கள். அதற்கு முன்பெல்லாம் நிறுவனங்கள் வாங்குகிறவர்களின் வாயைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. குறைந்த விலையில் ஒரு மடிக்கணினி என்றால் அதில் என்ன வேண்டும்? எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். எடை தெரியக் கூடாது, மின்கலம் நாள் முழுக்க நிற்க வேண்டும், எல்லாம் படிப்புக்காகத்தான். அப்படியே செய்து கொடுத்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் வாயை விட்டுவிட்டு உள்ளங்கையைக் கேட்கும் கருவியைக் கண்டுபிடித்தார். வட்டமான வெண்கலத் தட்டு. அதில் கையை வைத்தால் வியர்வை, நாடி, நரம்பு மூன்றும் சேர்ந்து நெஞ்சில் கிடப்பதைப் போட்டுக் கொடுத்துவிடும். பக்கத்தில் நிற்கும் வார்ப்பி அதை மட்டும் வைத்து ஒரு கணினியை வார்த்துத் தரும். கேட்காத உறுப்பு இருக்காது, அதற்கான செலவும் இருக்காது. அரிச்சுவடி என்ற இந்த மடிக்கணினி ரகம் அவ்வளவு மலிவாக இருப்பதன் ரகசியம் இதுதான். எடையைப் பற்றியும் கவலை இல்லை. எடைத்தணிப்பி என்று ஒரு சில்லு எல்லாவற்றிலும் உண்டு. திருகுகிற பக்கம் திருகினால் இரும்பும் இலவம்பஞ்சாகிவிடும்.

செண்பகவல்லிக்கு கௌஹாத்தியில் ஆற்றுப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. கோவில்பட்டியில் ஆறு கிடையாது. குழாயில் தண்ணீர் வந்தாலே தெருவில் விசேஷம்தான். ஆறு என்றால் என்னவென்று பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவள், பார்ப்பதுதான் பார்க்கிறோம், பிரம்மபுத்திராவையே பார்ப்போம் என்று விண்ணப்பித்துவிட்டாள். சொந்த மடிக்கணினி இல்லாமல் வருகிறவர்கள் வாசலோடு திரும்பிப் போகலாம் என்று கல்லூரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. விடிந்தால் ரயில்.

ஒரு மடிக்கணினி வாங்க ஐந்து பேர் வந்திருந்தார்கள். அப்பா அய்யாதுரை, அம்மா கோமதி, தம்பி முத்துராஜ், சொந்தத்தில் யார் எது வாங்கினாலும் கூடவே வந்து நிற்கும் தாய்மாமா சங்கரபாண்டியன். செண்பகவல்லி தட்டில் கையை வைக்கப்போனாள்.

"ஏட்டி, இரு," என்றாள் அம்மா. "நல்ல காரியம். எல்லாரும் தொடணும்."

ஜெபசெல்வி சுவரைக் காட்டினாள். 'ஒரு தட்டுக்கு ஒரு கை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"அது ஒத்தையா வாரவங்களுக்கு," என்றாள் அம்மா. "எங்க வீட்டுல தாலியவே தட்டுல வச்சு அம்புட்டு பேரும் தொட்டுத்தான் குடுத்தோம். இது என்ன, தாலிய விட ஒசத்தியா?"

"அக்கா சொல்லுதது சரிதான்," என்று மாமா முதல் ஆளாகக் கையை வைத்தார். அப்பா வைத்தார். முத்துராஜ் சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வைத்தான். அம்மாவும் வைத்தாள். செண்பகவல்லியின் கை கடைசியாக இடுக்கில் நுழைந்தது. அம்மா கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். ஜெபசெல்வி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வார்ப்பி வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிகமாகவே முனகியது. ஆனால் வந்தது என்னவோ அழகான சாமான். மூடி அப்படி மினுங்கியது. மாமா அதில் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். மேலே ஆந்தைக் கண் மாதிரி பெரிய படப்பிடிப்புக் கண். எடையா? முத்துராஜ் ஒற்றை விரலில் வைத்துச் சுற்றினான்.

"எல்லாரும் தொட்டதுக்குத்தான் இப்படி வந்துருக்கு," என்றாள் அம்மா.

மறுநாள் காலை ஐந்து பேரும் ரயில் ஏறினார்கள். மதுரையில் வண்டி மாற வேண்டும். பெண்ணை வழியனுப்ப மதுரை வரைக்குமாவது போகாவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

சாத்தூர் வரும்போது, மடியில் வைத்திருந்த கணினி லேசாக அழுத்துவது போலிருந்தது செண்பகவல்லிக்கு. விருதுநகர் வருவதற்குள் கால் மரத்துப்போனது. சன்னலோரம் இருக்கையில் இறக்கி வைத்தாள். இருக்கை பள்ளமானது. திருமங்கலம் தாண்டியதும் பலகை முறியும் சத்தம் கேட்டது. மாமா எழுந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர் போல அடுத்த பெட்டிக்குப் போனார்.

மதுரையில் அதை இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒரு போர்ட்டர் வந்து அது இருந்த பையின் பிடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ள ஆட்டுக்கல்லா?"

"லேப்டாப்புண்ணே," என்றாள் செண்பகவல்லி.

"எங்கிட்டுப் போகுது?"

"கௌஹாத்தி."

"எங்கருந்து வருது?"

"கோவில்பட்டி. அங்கன பஞ்சு மாதிரி இருந்துச்சு."

போர்ட்டர் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தார். "கோவில்பட்டியிலருந்து வாரதுக்கே இம்புட்டுன்னா, கௌஹாத்தி போய்ச் சேரையில தண்டவாளம் தாங்காது தாயி," என்று சொல்லிவிட்டு வேறு சுமை தேடிப் போனார்.

நிலையத்துக்கு எதிரிலேயே, கணினி வாங்கிய வார்ப்பகத்தின் கிளை ஒன்று இருந்தது. நடுவில் இருந்தது மேம்பாலம். ஐந்து பேரும் கணினியை ஒரு போர்வையில் போட்டு, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்தார்கள். முனை நாலுதான் என்பதால் அம்மா அடியில் கை கொடுத்தாள். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார்கள். மூச்சு வந்த இடத்தில் சண்டையும் வந்தது.

"யாரோ ஒருத்தர் பிள்ள போகக் கூடாதுன்னு நெனச்சிருக்காக," என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

"என்னையப் பாத்துச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

"நான் யாரையும் சொல்லல கோமதி. ராத்திரி அழுதது யாருன்னுதான் யோசிக்கேன்."

"உள்ளி உரிச்சா கண்ணுல தண்ணி வராதோ? ஏன், இவன் அழலையோ?"

"எனக்கு அக்கா போனா சந்தோசம்," என்றான் முத்துராஜ் மூச்சிரைக்க.

"அத்தான், பேசாமத் தூக்குங்க. எனக்குக் கை கழலுது," என்றார் மாமா. அவரைத்தான் எல்லோரும் இரண்டாவதாகச் சந்தேகப்பட்டிருந்தார்கள்.

செண்பகவல்லி நிலையக் கடிகாரத்தைப் பார்த்தாள். மதியம் வண்டி. அதை விட்டால் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். அம்மாவாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள். நினைத்துவிட்டு அம்மாவின் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தாள். கோபப்படவும் முடியவில்லை.

கிளைப் பொறுப்பாளர் ரபீக், போர்வையைப் பிரித்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "குடும்பமாத் தொட்டீங்களாக்கும்? எடைத்தணிப்பி தலைகீழாத் திரும்பியிருக்கு." ஒரு கம்பியைச் செருகி, தட்டு பதிவு செய்து வைத்திருந்த ஆசைகளைக் கடைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி ஓடவிட்டார். கருவியின் குரல் வானிலை அறிக்கை வாசிப்பது போலிருந்தது.

"முதல் கை, சங்கரபாண்டியன். மூடி பளபளக்க வேண்டும். மாமா தேர்ந்தெடுத்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும்."

மாமா கூரை மின்விசிறியைப் பார்த்தார்.

"இரண்டாம் கை, அய்யாதுரை. பிள்ளைக்குத் தோள் வலிக்கக் கூடாது. மூன்றாம் கை, முத்துராஜ். சன்னலோரக் கட்டில் இனி எனக்கு. நான்காம் கை, கோமதி. சாப்பிட்டாளா என்று சோற்றுத் தட்டு வரைக்கும் தெரிகிற கண் வேண்டும்."

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அது குறைந்தது தீபாவளி வரைக்கும் தாங்கும்.

"ஐந்தாம் கை, செண்பகவல்லி. மற்ற நான்கையும் விட வலுவானது. வீட்டை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் கனக்கட்டும்."

நாலு தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"ஏட்டி, நீயா?" என்றாள் அம்மா.

"எனக்கே தெரியாதும்மா." செண்பகவல்லி தரையைப் பார்த்தாள். "அங்க ஒருத்தரையும் தெரியாது. பேசுததும் புரியாது. பக்கத்துல யாரு உக்காருவான்னு கூடத் தெரியாது."

"வேண்டாம்னா சொல்லு, திரும்பிருவோம்," என்றார் அப்பா. "ஊருக்குப் போகப் போக அதுவும் எடை கொறஞ்சிரும்."

"போகணும்ப்பா. போகணும்னும் இருக்கு, போகக் கூடாதுன்னும் இருக்கு. தட்டு ஒண்ணத்தான் சொல்லுது."

"அப்ப கட்டிலு?" என்றான் முத்துராஜ். மாமா அவன் தலையில் தட்டினார்.

ரபீக் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு தடவை மறுவார்ப்பு பண்ணலாம். ஆனா தொட்ட கை அஞ்சும் திரும்பத் தொடணும். பொய் சொல்ல முடியாது."

செண்பகவல்லி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மனதை மாற்றிக்கொள் என்று மனதிடம் சொல்லி அது எப்போது கேட்டிருக்கிறது? பயம் இன்னும் அங்கேயேதான் இருந்தது. திரும்பவும் அதைத்தானே தட்டு பிடிக்கும்? ஆனாலும் வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஐந்து பேரும் கையை வைத்தார்கள். மேம்பாலம் ஏறி இறங்கிய கைகள். விரல்கள் மடங்க மறுத்தன, மணிக்கட்டுகள் தாமாக ஆடின.

வார்ப்பி இந்த முறை முனகவே இல்லை. ஒரு சின்னக் கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். வந்து விழவும் இல்லை, மிதந்து வந்தது. செண்பகவல்லி எட்டிப் பிடித்தாள். கையில் எதையோ பிடித்திருக்கிறோம் என்றே தெரியவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். செண்பகவல்லி மூடியைத் திறந்தாள்.

உள்ளே திரை இல்லை. விசைகள் இல்லை. மூடியின் மினுமினுப்பும் ஆந்தைக் கண்ணும் போன இடம் தெரியவில்லை. ஒன்றுமே இல்லை.

"அஞ்சு கையும் ஒரே ஆசையைச் சொல்றத நான் இப்பத்தான் பாக்குறேன்," என்றார் ரபீக் மரியாதையாக. "எடை இருக்கக் கூடாது. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே கேக்கல நீங்க."

மாமாதான் முதலில் தேறினார். "சொந்த லேப்டாப்பு வேணும்னுதான காலேஜ்ல சொல்லிருக்கான்? உள்ள என்ன இருக்கணும்னு சொன்னானா?"

அம்மா வேறு ஏதோ யோசனையில் இருந்தாள். காலிப் பெட்டியை வாங்கி, உள்ளே கையை விட்டு நீள அகலம் பார்த்தாள். பிறகு பைக்குள் இடமில்லாமல் துருத்திக்கொண்டிருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலங்களை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். அளவெடுத்து வார்த்தது போல உட்கார்ந்தன. மூடியை அழுத்தினாள். 'டக்' என்றது. மிட்டாயோடு சேர்த்தும் எடை தெரியவில்லை.

செண்பகவல்லி வண்டியைப் பிடித்துவிட்டாள்.

கௌஹாத்தியில் வாயில் காவலர் மூடியைப் பார்த்தார், உள்ளே விட்டார். முதல் வகுப்பில் பேராசிரியை பருவா, கணினியைத் திறந்து ஆற்றின் வேகத்தைக் கணக்கிடச் சொன்னார். நாடு முழுவதிலிருந்தும் வந்த பிள்ளைகள் தயங்கித் தயங்கித் திறந்தார்கள். நாக்பூர்க்காரனுடையதில் முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும் இருந்தது. ஷில்லாங் பெண்ணுடையது தூங்குவதற்கு வசதியாகத் தலையணை போல மெத்தென்று இருந்தது. இன்னொருவனுடையது, பாடம் என்ற சொல்லைக் கேட்டதுமே மின்கலம் தீர்ந்து அணைந்தது. அவன் அதைத்தான் விரும்பியிருந்தான். யாருடையதிலும் கணக்குப் போடும் உறுப்பு இல்லை. அவரவர் உள்ளங்கை அவரவரைக் காட்டிக் கொடுத்ததில் வகுப்பே தலையைக் குனிந்துகொண்டிருந்தது.

செண்பகவல்லி தன்னுடையதைத் திறந்தாள். வெல்லமும் வேர்க்கடலையும் மணத்தன. தலைகள் நிமிர்ந்தன.

பேராசிரியை வந்து பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு இது என்ன தின்பண்டம் என்று எந்த மொழியில் கேட்பது என வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் வகுப்பு முழுக்க அவள் மேசையைச் சுற்றி நின்றது. அவள் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் நாக்பூருக்கும் ஷில்லாங்குக்கும் தகராறு வந்தது.

பெட்டி காலியானதும் எல்லோருமாக ஆற்றுக்குப் போனார்கள். பிரம்மபுத்திராவுக்கு அக்கரை என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. செண்பகவல்லி வாயைத் திறந்தபடி நின்றாள். பேராசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. மூடிய பெட்டியில் கயிற்றைக் கட்டி நீரில் விடச் சொன்னார். அது முங்காமல், சாயாமல், ஆற்றின் வேகத்திலேயே ஓடியது. கயிறு ஓடிய நீளத்தை நேரத்தால் வகுத்தார்கள். பாடத்துக்கு உதவிய மடிக்கணினி அந்த வகுப்பில் அது ஒன்றுதான்.

மிட்டாய்ப் பெட்டியின் கதை பரவியதோ என்னவோ, அடுத்த ஆண்டு நிறுவனத்தின் ஆசைத்தட்டுகள் எல்லாம் வினோதமான செய்தி ஒன்றை அனுப்பத் தொடங்கின. எங்கே யார் கையை வைத்தாலும் காலிப் பெட்டிதான் கேட்கிறார்கள். நிறுவனம் பதறிப்போய் நிபுணர்களைக் கூட்டி, இத்தனை காலமாக வாடிக்கையாளர்கள் வாயால் சொல்லி வந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு மடிக்கணினி செய்தது. தெளிவான திரை, மெத்தென்ற விசைகள், நாள் முழுக்க நிற்கும் மின்கலம், எடையே இல்லை, விலை முன்னைவிட மலிவு. உண்மையிலேயே கணக்கும் போட்டது.

அதை முத்துராஜுக்கு வாங்கப் போன கதையை அம்மா தொலைபேசியில் சொன்னாள். செண்பகவல்லி ஆற்றங்கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. மாமாவே பரவாயில்லன்னுட்டாரு. நான்தான் வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

"ஏம்மா?"

"தெறந்து பாத்தேன்ட்டி. என்னத்தையெல்லாமோ உள்ள வச்சு அடைச்சிருக்கான். மிட்டாய எங்க வைக்க?"