ஜானுவுக்கு எந்தப் பால்?

"எந்தப் பாக்கெட் மன்னி? எதைக் கலந்து குடுத்தேள் குழந்தைக்கு?"

ஸ்ம்ருதி சமையல் மேடையில் இருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் காலை, அவளுடைய மூன்று வயதுக் குழந்தை ஜானு என்கிற ஜாஹ்னவிக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஸ்ம்ருதி பேங்க் வேலைக்குப் போயிருந்தாள். மன்னார்புரம் ஆஸ்பத்திரிக்குக் குழந்தையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள் ஓரகத்தி வேதவதிதான். குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் அவளுக்கு ஆகாத பசும்பாலோ சோயாவோ ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

"ஓட்ஸ் பால்தான் குடுத்தேன்மா. எப்பவும் வாங்கறதுதான்..."

"அப்புறம் எப்படி வந்தது? கொஞ்சம் நிஜப் பால் விட்டா என்னன்னு தோணிடுத்தா? ஒரு சொட்டு போனாலும் ஆபத்துன்னு பெத்தவளுக்குன்னா பயம் இருக்கும்!"

வேதவதிக்குக் குழந்தை இல்லை.

ஜானுவுக்குப் பால் தேடி அவள் பட்ட பாடு கொஞ்சமா! தேங்காய்ப் பால் மட்டும் போதாது, சத்துக் குறையும் என்றார் டாக்டர். பாதாம் பால் குழந்தைக்குப் பிடிக்கவில்லை. அரிசிப் பால் தண்ணீராக இருந்தது. தில்லைநகர்க் கடையில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'சோயா லெசித்தின்' என்ற எழுத்தைக் கண்டதும் பாக்கெட்டைத் திரும்ப வைப்பாள். கடைசியில் கால்சியம் சேர்த்த ஓட்ஸ் பாலும், அவளே முளைகட்டி அரைத்து வடிகட்டிய கேழ்வரகுப் பாலும் ஒத்துக்கொண்டன. அந்த வீட்டுக் காப்பிப் பாலுக்கு ஒரு கரண்டி, ஜானுவின் பாலுக்கு ஒரு கரண்டி. இரண்டும் ஒருநாளும் ஒன்றையொன்று தொட்டதில்லை.

"கம்பெனியில குடுக்கற துவாக்குடிக் குவார்ட்டர்ஸுக்கே போயிடறோம் மன்னி," என்றான் ஸ்ம்ருதியின் கணவன் லக்ஷ்மிகாந்த், தலையைக் குனிந்துகொண்டே. "அங்க ஒரு ஆளைப் போட்டுப் பாத்துக்கறோம்."

ஜானு போய்விட்டால்...! ஆனால் வேதவதி வாயைத் திறக்கவில்லை. நேற்று குழந்தையைத் தூக்கியபோதே அந்தப் பிஞ்சு வாயில் பச்சைக் கற்பூர வாசனை வந்ததே! அது யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால், தகப்பன் ஸ்தானத்தில் வளர்த்த அண்ணனைத் தம்பி மறுபடி பழையபடி பார்ப்பானா?

துணிமணிப் பெட்டிகள் வாசலுக்கு வந்தபோது, மயிலாடுதுறைக்குச் சிநேகிதர் வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்த அவள் கணவர் ஜகன்னாத் ஆட்டோவிலிருந்து இறங்கினார். அவரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று வேதவதிதான் போன் செய்யவிடாமல் தடுத்திருந்தாள்.

"எங்கே கிளம்பிட்டேள் எல்லாரும்? என்னடி ஜானு, முகமெல்லாம் வாடிக் கிடக்கு? நேத்து பெருமாள் பாலை எவ்வளவு திவ்யமா குடிச்சே!"

"அண்ணா... என்ன பால்?" என்று கேட்டாள் ஸ்ம்ருதி.

"தினமும் குங்குமப்பூ, பச்சைக் கற்பூரம் போட்டுப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்றேனே, அதுதான். கையை நீட்டித்து. ஒரு கரண்டி குடுத்துட்டுக் கிளம்பினேன்."

"அது பசும்பாலாச்சே அண்ணா!"

"பால் ஏதும்மா? பெருமாள் அமுது செஞ்சப்புறம் அது பிரசாதம். பிரசாதம் என்ன பண்ணும்?"

லக்ஷ்மிகாந்த் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். ஜகன்னாத் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "கொன்னிருப்பேனே காந்தா... என் கையாலேயே..." என்று அழுதார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளை அணைத்துக்கொண்டான்.

ஸ்ம்ருதி திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா மன்னி?"

"வாசனை வந்தது..."

"ஏன் சொல்லலே? நான் என்னென்ன பேசினேன்... வாயை வெட்டிப் போட்டிருக்கலாமே!"

"எனக்கு வந்த பேச்சு என்னோட போயிடும்மா. அவாளுக்குள்ள வந்தா அண்ணா தம்பியே பிரிஞ்சுடுவாளே..."

ஸ்ம்ருதி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். இடையில் நசுங்கிய ஜானு, பெரியம்மாவின் புடவையை இழுத்து, "பெம்மா, பசிக்கறது!" என்றாள். அழுதுகொண்டே எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பெருமாளுக்கு இனிமே என்னடி பண்றது வேதா?" என்று சாயங்காலம் ஜகன்னாத் கேட்டார்.

"தேங்காய்ப் பாலில் வெல்லம் போட்டுத் தரேன். குழந்தைக்கு ஆகறதே அவருக்கும் ஆகட்டும். கோச்சுக்கவா போறார்?"

மறுநாள் காலை பூஜை முடிந்தது. ஜானு கையை நீட்டினாள். ஜகன்னாத் கரண்டியை எடுத்தவர், கொடுக்காமல் சமையலறைப் பக்கம் பார்த்துக் காத்திருந்தார். வேதவதி எட்டிப் பார்த்து, "குடுங்கோ," என்று தலையசைத்தாள்.

அவள் இருந்தவரைக்கும் அந்த வீட்டில் அந்தத் தலையசைப்பு இல்லாமல் ஜானுவின் கையில் ஒரு சொட்டும் விழுந்ததில்லை.